மே மாத லீவில் ஜெய்சல்மர்: குமரி மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜெய்சல்மரில் சீசன் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதோ ஏப்ரல் பாதிக்கு மேல்தான். அதனால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு தார் பாலைவனம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கோடைதான் வாய்க்கிறது. தாராளமாகப் போகலாம். அறை வாடகை நன்றாக இறங்கியிருக்கும். கோட்டைச் சந்துகளில் யாரும் இடிக்காமல் நடக்கலாம். கடைக்காரர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஆனால் எல்லா ஏற்பாட்டையும் வெயிலைச் சுற்றித்தான் செய்ய வேண்டும்.

"இங்க இல்லாத வெயிலா மக்களே அங்க?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். அதற்கான பதிலிலிருந்தே தொடங்கலாம்.

1. இரண்டு வெயிலும் ஒன்றில்லை

நம் ஊரில் மே மாதத்தில் 33, 34 டிகிரி அடித்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. அது எரிச்சல்தான், ஆனால் வியர்க்கிறது என்று தெரிவதால் நிழலுக்கு ஒதுங்குகிறோம், தண்ணீர் கேட்கிறோம். ஜெய்சல்மரில் மே மாதப் பகல் சாதாரணமாகவே 41, 42 டிகிரி இருக்கும். சில நாள் 45-ஐத் தாண்டும். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மர் போகும் ரயில் பாதையில் பலோடி என்று ஒரு ஊர் வரும். 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி பதிவானது.

அந்தக் காற்றில் ஈரமே கிடையாது. வியர்வை தோலில் வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையாது, முகம் வழியாது. "பரவாயில்லையே, நம்ம ஊரைவிட நல்லாத்தான இருக்கு" என்றுகூடத் தோன்றும். அதற்குள் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். மாலையில் கருப்புப் பையின் தோள்பட்டையைப் பாருங்கள், வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். கடற்கரைக்காரர்களான நாம் அங்கே ஏமாறுகிற இடம் இதுதான். வியர்வையை வைத்தோ தாகத்தை வைத்தோ தண்ணீர் குடிக்காமல், மணியைப் பார்த்துக் குடிக்க வேண்டும்.

2. யாரைக் கூட்டிப் போகக் கூடாது

கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ள பெரியவர்கள் கோடைப் பயணத்தில் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்களோடு டிசம்பரில் போங்கள். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம், "இவ்வளவு சூட்டில் இந்த மாத்திரையை எப்படி எடுப்பது, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஐஸ் பை வசதியும் அறையில் ஃப்ரிட்ஜும் கட்டாயம்.

3. எந்த வாரம் போவது

பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரலிலேயே போய்விட்டால் நல்லது. அப்போது பகல் சூடு மே மாத அளவுக்குப் போகாது, விடிகாலை இதமாகவே இருக்கும். மே பாதிக்குப் பிறகு ஜூன் பாதி வரைதான் உச்சம். அந்த வாரங்களில் "லூ" என்று அவர்கள் சொல்லும் அனல்காற்று மேற்கிலிருந்து வீசும். சில மாலைகளில் ஆந்தி என்கிற புழுதிப் புயல் எழும்பும்.

பள்ளிக்கூடக் கணக்கு இல்லாதவர்கள் ஜூலைக் கடைசியையோ ஆகஸ்டையோ யோசிக்கலாம். ஜூன் தொடக்கத்தில் நம் மாவட்டத்தை நனைக்கிற தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானைப் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அங்கே மழை கொஞ்சம்தான், ஆனாலும் சூடு சில டிகிரி தணியும், மணல் பக்கம் புல் முளைக்கும். அப்போதும் ஆள் கூட்டம் இருக்காது.

4. போய்ச் சேர்வது

ரயிலென்றால் திருவனந்தபுரம் வடக்கு நிலையத்திலிருந்து ஸ்ரீ கங்காநகர் போகும் வாராந்திர வண்டி கொங்கண், குஜராத் வழியாக ஜோத்பூர் போகிறது. கொச்சுவேலி என்று நாம் சொல்லிப் பழகிய நிலையம்தான் அது. ஜோத்பூரில் இறங்கி ஜெய்சல்மருக்கு வேறு ரயிலோ காரோ பிடிக்க வேண்டும், ஐந்தாறு மணி நேரம் ஆகும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால் மே மாத டிக்கெட்டுக்கு மார்ச்சிலேயே உட்கார வேண்டும்.

மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் வகுப்பில் பிடிக்காதீர்கள். மே மாதத்தில் குஜராத்தைத் தாண்டும்போது ஸ்லீப்பர் பெட்டிக்குள் அடிக்கிற காற்றே அனலாக இருக்கும். இறங்குவதற்கு முன்பே பிள்ளைகள் வாடிப் போனால் முதல் இரண்டு நாள் வீண். தேர்டு ஏசி போதும். ஜோத்பூர் - ஜெய்சல்மர் வண்டியும் இரவு வண்டியாக இருந்தால் நல்லது.

விமானமென்றால் திருவனந்தபுரத்திலிருந்து டெல்லியோ மும்பையோ போய், அங்கிருந்து ஜோத்பூர். ஜெய்சல்மரிலும் விமான நிலையம் உண்டு, ஆனால் கோடையில் விமானங்கள் குறைந்துவிடும். அதோடு அது எல்லை மாவட்டம். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு பதற்றம் வந்தபோது ஜெய்சல்மர், ஜோத்பூர் விமான நிலையங்களைச் சில நாள் மூடிவிட்டார்கள். கிளம்பும் வாரத்தில் செய்தியைக் கவனியுங்கள். பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி டிக்கெட் எடுங்கள்.

5. அறை எடுக்கும்போது கேட்க வேண்டியவை

வாடகை குறைந்திருக்கிறது என்பதற்காகக் கண்ணில் பட்டதை எடுக்கக் கூடாது. மிச்சமாகிற பணத்தில் ஒரு படி மேலான அறையை எடுங்கள். பகலில் ஏழு மணி நேரம் அதற்குள்தான் இருக்கப் போகிறீர்கள். போனில் கேட்க வேண்டிய கேள்விகள்:

கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, இல்லை விளக்கும் ஃபேனும் மட்டுமா? "பேக்கப் இருக்கு" என்று பொதுவாகச் சொல்வார்கள், ஏசியைத் தனியாகக் கேளுங்கள்.

அறை எந்த மாடியில்? மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை இரவு வரை சூட்டைக் கக்கும். மேற்குச் சுவர் உள்ள அறையும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் பழைய மஞ்சள் கல் சுவர் கெட்டியாக உள்ள அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

சமையல் நடக்கிறதா? ஆள் வராத மாதங்களில் சில இடங்களில் சமையல்காரரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு 44 டிகிரியில் தெருவில் இறங்குகிற நிலை வரக் கூடாது.

ஏசியா, கூலரா? நம் ஊரில் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற கூலரை வாங்கி ஏமாந்தவர்கள் அதைப் பெயர் சொன்னாலே சிரிப்பார்கள். இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும். ஜெய்சல்மரின் வறண்ட காற்றிலோ தண்ணீர் வேகமாக ஆவியாகி, வருகிற காற்று நிஜமாகவே குளிர்ந்து வரும். ஏப்ரல், மே மாதங்களில் நல்ல கூலர் உள்ள அறை பெரியவர்களுக்குப் போதும். பிள்ளைகள் இருந்தால் ஏசியே எடுங்கள். ஜூலைக்குப் பிறகு அங்கேயும் காற்றில் ஈரம் ஏறிவிடும், கூலர் எடுபடாது.

கோட்டைக்குள் தங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். 1156-இல் ராவல் ஜைசல் கட்டியது; இன்றும் உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். 2013-இல் ராஜஸ்தானின் மற்ற மலைக்கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தக் குன்று இவ்வளவு தண்ணீருக்காக ஏற்பட்டதில்லை. குளியலறைகள் பெருகப் பெருக, கசிகிற தண்ணீர் அடித்தளத்தை அரிக்கிறது என்பது பல வருடமாக இருக்கிற கவலை. உள்ளே போய்ப் பாருங்கள், சாப்பிடுங்கள், பொருள் வாங்குங்கள். குளிப்பதற்கும் தூங்குவதற்கும் கீழே ஊருக்குள் அறை எடுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மேடேற வேண்டிய வேலையும் இல்லை.

ஒன்று மறக்க வேண்டாம்: மத்தியானம் குழாயைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். காலையிலேயே இரண்டு வாளி பிடித்து வைத்துவிடுங்கள். வாளியோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். குளமும் ஆறும் கால்வாயுமாக வளர்ந்த நமக்குத் தண்ணீரின் அருமை அங்கே போனால்தான் உறைக்கும். வருடத்துக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்கிற ஊர் அது.

6. பெட்டியில் என்ன

முழுக்கை வைத்த, தளர்ந்த, வெளிர் நிறப் பருத்திச் சட்டைகள். அரைக்கை டீ-ஷர்ட்டும் ஷார்ட்ஸும் அங்கே உதவாது. வெயில் தோலில் நேரடியாகப் படக் கூடாது. ஆளுக்கு இரண்டு துவர்த்து, அதாவது துண்டு. நம் ஊர்த் துவர்த்துக்கு இணையான சாமான் பாலைவனத்தில் வேறில்லை: நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டால் பத்து நிமிடம் குளிரும், புழுதி கிளம்பினால் மூக்கையும் வாயையும் மூடும், உலர்ந்துவிட்டால் தலைப்பாகை.

ஓஆர்எஸ் பாக்கெட் தாராளமாக. ஒரு பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட், அரை தம்ளர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. ஒரு சிறிய குப்பியில் தேங்காய் எண்ணெய்: உதடு வெடிக்கும், மூக்கின் உள்பக்கம் காய்ந்து பிள்ளைகளுக்கு ரத்தம்கூட வரும். இரவு படுக்கும் முன் மூக்கு நுனியிலும் உதட்டிலும் தொட்டு வைத்தால் போதும். கருப்புக் கண்ணாடி, விளிம்புள்ள தொப்பி, தெர்மாமீட்டர், டார்ச், கணுக்காலை மூடுகிற ஷூ. ரயிலுக்கு முதல் நாள் புளிச்சோறு, அப்புறம் நேந்திரங்காய் சிப்ஸ். மட்டிப்பழம் வேண்டாம், சூட்டில் கறுத்துக் குழைந்துவிடும்.

7. ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கடிகாரம் ஒன்றுதான், சூரியன் வேறு. ஜெய்சல்மர் நமக்கு வெகு மேற்கே இருக்கிறது. மே மாதத்தில் நாகர்கோவிலில் ஆறரைக்குச் சூரியன் விழுந்தால் அங்கே ஏழரை மணிக்குத்தான் விழும். உச்சி வெயில் 12:45 போல்தான் வரும். சூட்டின் உச்சமோ மூன்றிலிருந்து ஐந்து வரை. "நாலு மணி ஆச்சே, வெயில் தாழ்ந்திருக்கும்" என்று நம் ஊர்ப் பழக்கத்தில் கிளம்பினால் நேராக உலையில் இறங்குகிற மாதிரிதான்.

ஆகவே இப்படி வையுங்கள். விடிவதற்கு முன் எழுந்து, ஐந்தே முக்காலுக்குக் கடிசர் ஏரிக்கரையில் இருங்கள். 14ஆம் நூற்றாண்டு ஏரி. ஒரு காலத்தில் ஊர் முழுவதும் குடித்தது இதன் தண்ணீரைத்தான். ஆறு மணி வாக்கில் முதல் வெளிச்சம் படும்போது கோட்டை மதில் சாம்பலிலிருந்து தேன் நிறத்துக்கு மாறுவதை அங்கிருந்து பார்க்கலாம். சீசனில் அந்தக் கரையில் நிற்க இடம் கிடைக்காது.

அங்கிருந்து நேரே கோட்டை. ஏழு மணிக்குச் சந்துகளில் நிழல் இருக்கும். வீட்டு வாசலைக் கூட்டுகிற பெண்கள், பள்ளமான கல்லில் பசுவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் என்று ஊர் தன் வேலையில் இருக்கும் நேரம். ஜைனக் கோயில்களுக்குள் தோல் பொருள் கொண்டுபோகக் கூடாது, பெல்ட்டையும் பர்ஸையும் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பட்வா ஹவேலி என்கிற பழைய வணிகர் மாளிகையைத் திறக்கிற நேரத்துக்கே போய், பத்தரைக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

பத்தரை முதல் ஆறு வரை அறை. மோர் குடித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் இருக்கிறார்கள்; பாதிக் கடைகளில் திரை தொங்கும். "இவ்வளவு தூரம் வந்து தூங்கவா" என்று மனம் அடித்துக்கொள்ளும், அதற்குச் செவி கொடுக்காதீர்கள். ஆறரைக்கு மேல் மறுபடி வெளியே வந்தால் பத்து, பதினொன்று வரை ஊர் விழித்திருக்கும். இரவில் கோட்டை அடிவாரத்துக் கடைத்தெருவில் நடப்பதற்கே இந்தப் பயணம் தகும்.

ஒரு நாளுக்கு ஒரே ஒரு வெளியூர் இடம் என்று வையுங்கள். பாலிவால் பிராமணர்கள் விட்டுப் போன குல்தரா கிராமத்தில் நிழலே இல்லை. காலை முதல் வேலையாகப் பார்த்துவிட வேண்டும். 1971 போர் நடந்த லோங்கேவாலாவும் எல்லைப் பாதுகாப்புப் படை பராமரிக்கிற தனோட் கோயிலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. போகத்தான் வேண்டுமென்றால் விடிவதற்கு முன் கிளம்புங்கள். வண்டியில் ஏசியும் ஸ்டெப்னி டயரும் சரியாக இருக்கின்றனவா என்று முந்தின நாளே பாருங்கள், 20 லிட்டர் தண்ணீர் கேனை ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் பல இடங்களில் போன் எடுக்காது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

போகிற வழியெல்லாம் காற்றாலைகள் தெரியும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துப் பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

8. மணல்மேட்டில் ஒரு மாலை

சாம் மணல்மேடுகள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி. கோடையில் அங்குள்ள கூடாரங்களில் பல மூடியிருக்கும். திறந்திருக்கிறது என்று இணையத்தில் காட்டினாலும் முந்தின நாள் போன் செய்து ஆள் இருக்கிறார்களா, இரவுச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள்.

ஆறரைக்கு முன் அங்கே இறங்க வேண்டாம். மத்தியான மணலின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், செருப்புக்குள் புகுந்தால் கால் கொப்பளிக்கும். மாலை ஏழு மணிக்கு மேல்பரப்பு மணல் ஆறியிருக்கும். கையால் ஒரு சாண் தோண்டினால் உள்ளே இன்னும் சூடு இருக்கும். நான்கு மணிக்கே ஒட்டகச் சவாரி என்று கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள், அது உங்களுக்கும் ஆகாது, ஒட்டகத்துக்கும் ஆகாது.

இரவு அங்கே தங்கினால் நிலவில்லாத நாளாகப் பாருங்கள். மே மாதத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தென்கிழக்கில் பால்வெளியின் அடர்ந்த பகுதி எழும்பும். கூடாரங்கள் மூடிக் கிடப்பதால் விளக்கு வெளிச்சமும் குறைவு. புழுதி அடங்கிய இரவாக இருந்தால் நம் கடற்கரையில்கூடப் பார்க்க முடியாத வானம் அது. ஆனால் இருட்டில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்: சுருட்டை விரியன் கோடையில் இரவில்தான் நடமாடும். ஷூவும் டார்ச்சும் கட்டாயம்.

ஆந்தி வருவதாகத் தோன்றினால், அதாவது அடிவானம் பழுப்பேறி உயர்ந்து வந்தால், மேட்டின் உச்சியிலிருந்து உடனே இறங்கி வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றுங்கள். ஓடுகிற வண்டியென்றால் சாலையை விட்டு ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

மாங்கணியார் என்கிற பரம்பரைப் பாடகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கமைச்சா என்கிற வில் வாத்தியமும் கர்த்தால் என்கிற தாளக் கட்டைகளும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறவர்கள். சீசனில் கூடாரத்துக்குக் கூடாரம் ஓடி ஓடிப் பாடுவார்கள். கோடையில் அவர்களுக்கு வருமானம் குறைவு. தங்குமிடத்தில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உட்கார்ந்து, கேட்ட பாட்டைப் பாடுவார்கள். பேரம் பேசாதீர்கள். அறையில் மிச்சமான பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

9. சாப்பாடும் தண்ணீரும்

பெரியவர்கள் ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டராவது குடிக்க வேண்டும். வெளியில் இருக்கும்போது பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் வாந்தியும் வரும், அதனால் நடுநடுவே உப்புள்ளது ஏதாவது வேண்டும். நம் ஊரில் வேனலுக்கு அக்கானியும் (பதநீர்) நுங்கும் பழங்கஞ்சியும் எப்படியோ, அங்கே சாஸ் என்கிற உப்பு போட்ட மோர், கம்பு மாவை மோரில் கரைத்த ராப், சுட்ட மாங்காயில் செய்கிற பன்னா. சாப்பாட்டுக்குச் சாப்பாடு கேட்டு வாங்குங்கள். வெட்டி வைத்த பழமும் தெருவோர ஐஸும் வேண்டாம்.

கேர் சாங்ரி என்ற கறியைச் சாப்பிடாமல் வராதீர்கள். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரம்தான். கோடைதான் அந்தக் காயைப் பறிக்கிற காலம். வருடம் முழுக்க உலர்த்தி வைத்ததைச் சமைக்கிறவர்கள், இப்போது கேட்டால் பச்சையாகவே சமைத்துத் தருவார்கள்.

10. உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. காலையிலிருந்து பிள்ளை ஒன்றுக்கே போகவில்லை என்றால் அன்றைய திட்டத்தை நிறுத்திவிடுங்கள். தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் வந்தால் நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஓஆர்எஸ் கொடுங்கள்.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்ப மயக்கத்தையும் தாண்டிய நிலை. வியர்வை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்கக் கூடாது: துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள், ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

11. திரும்பும்போது

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள், பிள்ளைகளுக்கு அந்த ஓய்வு வேண்டும். ஜூன் பாதிக்கு மேல் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொங்கண் பாதையில் மழைக்கால அட்டவணை தொடங்கியிருக்கும், வண்டிகளின் வேகம் குறையும், நேரமும் மாறும். முன்பதிவு செய்தபோது பார்த்த நேரத்தை நம்பாமல் கிளம்பும் வாரத்தில் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையில் எடுக்கும் பைக்குள் குடையை வைத்துவிடுங்கள், கொங்கண் தொடங்கி வீடு வரைக்கும் மழைதான்.